பிழையைத் தின்ற சிங்க்

ஒரு செவ்வாய்க்கிழமையின் நடுவே, மூன்று வாரத்துக்கு முந்தைய அளவீடுகள் வந்து உட்கார்ந்திருந்தன. அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் சரியாக இருந்தது. நேரம் பத்துப் பத்து வினாடியாக ஏறிக்கொண்டே வருகிறது, திடீரென்று பழைய தேதிக்குத் தாவுகிறது, கொஞ்ச தூரம் அங்கேயே ஓடுகிறது, அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிவிடுகிறது.

சென்சார்களிடமிருந்து அளவு வாங்கிப் பதிந்துவைக்கும் ஒரு சிறு பெட்டி அது. உள்ளே லினக்ஸ் 3.10 கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), கோப்புகளை அடுக்கிவைக்க எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, சேமிப்புக்கு, அதாவது வட்டாக, ஓர் இஎம்எம்சி சிப். 3.10 வெளிவந்தது 2013இல். நான் இந்தப் பிழையைத் துரத்திய காலத்திலேயே அது பழசுதான். ஆனால் சிப் தயாரித்தவர் கொடுத்த கெர்னல் அதுதான், அதைவிட்டு நகர முடியாது என்ற நிலை. இப்படிப்பட்ட பெட்டிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பதிவு நிரலின் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பத்து வினாடிக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றும் 64 பைட். 64 பதிவுகள் சேர்ந்ததும் 4096 பைட், அதாவது சரியாக ஒரு பக்கம் (கெர்னல் நினைவகத்தைக் கையாளும் அலகு). அது ஒரே ரைட் அழைப்பில் கோப்புக்குப் போகும். நான்கு பக்கம் எழுதியதும் ஓர் எஃப்சிங்க், அதாவது இந்தக் கோப்பில் எழுதியதை வட்டில் சேர்த்துவிட்டுப் பதில் சொல் என்று கெர்னலைக் கேட்கும் அழைப்பு. எஃப்சிங்க் வெற்றி என்று வந்தால், நினைவகத்தில் வைத்திருந்த நான்கு பக்கப் பிரதியை நிரல் தூக்கிப்போட்டுவிடும். தோல்வி என்றால் அந்த நான்கையும் வேறொரு காப்புக் கோப்பில் எழுதிவைக்கும். கோப்பின் அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. கடைசிவரை போனதும் முதலிலிருந்து மேலெழுதத் தொடங்கும். ஒரு சுற்று முடிய மூன்று வாரம்.

நான்கு பக்கத்துக்கு ஒருமுறை எஃப்சிங்க் என்பது சிப்பின் ஆயுளைக் காப்பாற்ற என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அதில் பெரிய லாபம் கிடையாது. நாம் எஃப்சிங்க் போடாவிட்டாலும் கெர்னல் சும்மா இருக்காது. ஆனால் தோல்வி வந்தால் என்ன செய்வது என்று யோசித்து எழுதியிருந்தாரே, அதற்காக அந்த முன்னோடியை மனதுக்குள் பாராட்டினேன். பாதி நிரல்கள் எஃப்சிங்க்கின் பதிலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆக, மூன்று வாரம் பழைய பதிவு இருக்கிறது என்றால் புதிய பக்கம் வட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். பழையதும் புதியதும் கலந்த இடத்தின் நீளத்தை அளந்தேன்: 640 வினாடி. 64 பதிவு, பத்துப் பத்து வினாடி. கச்சிதமாக ஒரு பக்கம். வேறு பெட்டிகளிலிருந்து வந்த கோப்புகளிலும் அதே 640. ஒன்றுகூட 630 இல்லை, 650 இல்லை.

இஎம்எம்சி தேய்ந்துபோய்ச் சில இடங்களில் எழுத மறுக்கிறது என்பது கெர்னல் பதிவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வரிசையாக உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று கத்தியிருந்தது. எழுத முடியாததில் எனக்கு வியப்பில்லை. சிப் என்றால் தேயத்தான் செய்யும், அதற்காகத்தானே காப்புக் கோப்பு? என் கேள்வி வேறு. எழுத முடியவில்லை என்று கெர்னலுக்குத் தெரிந்திருக்கிறது. நிரல் எஃப்சிங்க் போட்டுக் கேட்டிருக்கிறது. கெர்னல் வெற்றி என்று பதில் சொல்லியிருக்கிறது. எப்படி?

ரைட் அழைப்பு வெற்றி என்று திரும்பும்போது வட்டில் ஒன்றும் நடந்திருக்காது. நம் தரவு நினைவகத்தில் உள்ள கெர்னலின் பக்கத் தேக்கத்துக்குப் போய், அந்தப் பக்கம் அழுக்கு (இன்னும் வட்டுக்குப் போகாதது) என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். பின்னணியில் இருக்கும் எழுது இழை வழக்கமான அமைப்பில் 5 வினாடிக்கு ஒருமுறை எழுந்து பார்க்கும். 30 வினாடிக்கு மேல் அழுக்காகக் கிடக்கும் பக்கங்களை வட்டுக்குத் தள்ளும். தள்ளும்போது வட்டு முடியாது என்று சொன்னால், யாரிடம் போய்ச் சொல்வது? எழுதிய நிரல் வெற்றியை வாங்கிக்கொண்டு எப்போதோ அடுத்த வேலைக்குப் போய்விட்டது. கோப்பையே மூடியிருக்கலாம். புராசஸே முடிந்திருக்கலாம்.

பழைய லினக்ஸ் இதற்கு வைத்திருந்த ஏற்பாடு ஒரே ஒரு பிட். ஒவ்வொரு கோப்பின் பக்கத் தேக்கத்துக்கும் சில கொடிகள் உண்டு. அதில் ஒன்று ஈஐஓவுக்கு (உள்ளீடு-வெளியீட்டுப் பிழை), இன்னொன்று இடம் தீர்ந்துவிட்டது என்பதற்கு. பின்னணியில் எழுதும்போது தோல்வியானால் கொடி ஏறும். பிறகு யாராவது எஃப்சிங்க் கேட்டால், கொடி ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்தால் இறக்கிவிட்டுப் பிழையைத் திருப்பிக் கொடுக்கும். இறக்கிவிட்டு என்பதைக் கவனியுங்கள். பார்ப்பதும் இறக்குவதும் ஒரே செயல். முதலில் கேட்டவருக்குப் பிழை, அடுத்துக் கேட்பவருக்கு வெற்றி.

அதுகூட எங்கள் பெட்டிக்குப் பொருந்தவில்லை. பதிவுக் கோப்பில் எஃப்சிங்க் போடுவது பதிவு நிரல் மட்டும்தான் என்று அப்போது நம்பினேன். பின்னணியில் எழுதும் இழை கொடியை ஏற்றும், இறக்காது. எனவே நிரல் கேட்கும்போது கொடி அப்படியே இருக்க வேண்டும்.

மேசையில் அதே கெர்னலோடு ஒரு சோதனை ஏற்பாடு செய்தேன். டிவைஸ் மேப்பர் என்று லினக்ஸில் ஓர் அருமையான பொருள் இருக்கிறது. ஒரு வட்டின் மேல் இன்னொரு போலி வட்டை அமைத்து, இந்தப் பகுதி நேராகப் போகட்டும், இந்தப் பகுதி வந்தால் பிழை கொடு என்று அட்டவணை எழுதிக் கொடுக்கலாம். கோப்பு வட்டில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று பார்த்து, அதில் ஒரு பக்கத்தை, 512 பைட் கணக்கில் எட்டு செக்டரை, பிழைப் பகுதியாக மாற்றினேன். முழு வட்டையும் பிழையாக்கினால் எக்ஸ்ட்4 தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலும் அடிபட்டு, கோப்பு முறைமையே படிக்க-மட்டும் நிலைக்குப் போய்விடும். அப்புறம் நாம் சோதிப்பது வேறு எதையோ ஆகிவிடும். முன்கூட்டியே இடம் ஒதுக்கிய கோப்பாக இருந்தது இங்கே வசதி. புதிதாக வளரும் கோப்பு என்றால், எழுதும் நேரம் வரை எக்ஸ்ட்4 இடமே ஒதுக்காது, எந்த செக்டரைக் கெடுப்பது என்று முன்னால் தெரியாது.

அட்டவணையை மாற்றி, பக்கத்தை எழுதி, அரை நிமிடம் காத்திருந்து, எஃப்சிங்க் போட்டேன். ஈஐஓ. மறுபடியும் செய்தேன். ஈஐஓ. நூறு முறை ஓடவிட்டேன், நூறு முறையும் ஒழுங்காகப் பிழை வந்தது. கெர்னல் யோக்கியமாக நடந்துகொண்டது. இரண்டு நாள் இப்படியே போனது. பதிவு நிரலின் மூலத்தை மூன்றாவது முறையாகப் படித்தேன். கம்பைலரைச் சந்தேகித்தேன். கம்பைலரைச் சந்தேகிக்க ஆரம்பித்தால் தூங்கப் போக வேண்டும் என்பது என் விதி, போனேன்.

மறுநாள் காலையில் ஏதோ ஒரு சுற்றில், அரை நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல், பக்கத்தை எழுதிய கையோடு சிங்க் என்று தட்டினேன். எல்லாக் கோப்பு முறைமையிலும் தேங்கிக் கிடப்பதை வட்டுக்குத் தள்ளு என்ற பழம்பெரும் கட்டளை. யுனிக்ஸ் காலத்து ஆட்கள் கணினியை நிறுத்துமுன் அதை மூன்று தரம் தட்டுவார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கும் விரல் பழக்கம். கெர்னல் பதிவில் எழுதும் பிழை வந்தது, எதிர்பார்த்ததுதான். அடுத்து எஃப்சிங்க் போட்டேன்.

வெற்றி.

நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு நடை போய்விட்டு வந்து திரும்பச் செய்து பார்த்தேன். எழுது, சிங்க், எஃப்சிங்க்: வெற்றி. எழுது, காத்திரு, எஃப்சிங்க்: ஈஐஓ.

களத்தில் இருக்கும் பெட்டிகளில் யார் சிங்க் தட்டுகிறார்கள்? களத்துக்குப் போன இமேஜை, அதாவது பெட்டியில் ஏற்றும் மொத்த மென்பொருள் தொகுப்பை, பிரித்துப் பார்த்தால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி: நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க். என் மேசையில் இருந்த இமேஜ் அதற்கு முந்தையது. எங்கள் குழுவில் இருந்த இளைஞனிடம் கேட்டேன். “நான்தான் அண்ணா போட்டேன். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவைதானே எஃப்சிங்க், நடுவுல கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பாதுகாப்புக்குப் போட்டேன்” என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. நான்கு பக்கம் என்றால் 2560 வினாடி, கிட்டத்தட்ட 43 நிமிடம். யோசிக்கிற எவரும் செய்யக்கூடியதைத்தான் அவன் செய்திருந்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை, ஆனால் வேலி போட்டவனைத் திட்ட முடியாது.

சிங்க் உள்ளே என்ன செய்கிறது என்று 3.10இன் மூலத்தில் போய்ப் பார்த்தேன். எல்லா அழுக்குப் பக்கங்களையும் தள்ளிவிட்டு, அந்தக் கோப்பு முறைமையின் ஒவ்வொரு ஐநோடாக (ஒரு கோப்பைப் பற்றிய கெர்னலின் குறிப்பேடு) எடுத்து, எழுதி முடியும்வரை காத்திருக்கிறது. காத்திருக்க அது அழைப்பது எஃப்சிங்க்கும் பயன்படுத்தும் அதே காத்திருப்புச் செயற்கூறு. அந்தச் செயற்கூறு முடியும்போது கொடியைப் பார்க்கிறது, இறக்குகிறது, பிழையைத் திருப்புகிறது. சிங்க்கோ திரும்பி வந்த மதிப்பை ஒரு மாறியில்கூட வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கினாலும் என்ன பயன்? சிங்க் அழைப்புக்குப் பிழை சொல்லும் வழியே கிடையாது, அது மதிப்பே திருப்பாத அழைப்பு. பிழை அங்கே கைக்கு வந்து, அப்படியே கீழே விழுந்துவிடுகிறது.

இது தெரிந்ததும் களத்துக் கோப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், ஒரு சந்தேகத்தோடு. நினைத்தது சரி. பழைய பதிவு உட்கார்ந்திருந்த பக்கங்கள் எல்லாமே நான்கின் குழுவில் முதலாவது, இரண்டாவது, அல்லது மூன்றாவது. நான்காவது ஒன்றுகூட இல்லை. நான்காவது பக்கம் எழுதப்பட்ட அடுத்த நொடியே எஃப்சிங்க் வந்துவிடுவதால், நடுவில் புகுந்து பிழையைத் தின்ன சிங்க்குக்கு நேரம் கிடைக்கவில்லை. நான்காவதில் தோல்வி வந்த பெட்டிகளில் காப்புக் கோப்பு ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. எங்கள் ஏற்பாடு கால்வாசி நேரம் சரியாக வேலை செய்திருக்கிறது. அதனால்தான் சோதனையில் தப்பித்திருக்கிறது.

சரி, மணிக்கு ஒருமுறை ஓடும் ஒரு சரிபார்ப்பு நிரல் இருந்ததே, கோப்பைப் படித்து எல்லாம் சரியா என்று பார்க்கும் நிரல், அதற்கு ஏன் தெரியவில்லை? இது இன்னும் அநியாயம். எழுதுவது தோற்றதும் கெர்னல் அந்தப் பக்கத்தைச் சுத்தம் என்று குறித்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ புதிய தரவு. அந்தப் பக்கம் நினைவகத்தில் இருக்கும்வரை, யார் அந்த இடத்தைப் படித்தாலும் புதிய, சரியான தரவுதான் கிடைக்கும். வட்டில் இருப்பது பழசு என்பது, நினைவகம் போதாமல் பக்கம் வெளியேற்றப்பட்ட பிறகோ பெட்டியை ரீபூட் செய்த பிறகோதான் வெளிப்படும். எழுதிவிட்டு உடனே படித்துப் பார்த்துத் திருப்திப்படுவது, கண்ணாடியைப் பார்த்து எதிரே ஆள் நிற்கிறார் என்று நினைப்பது மாதிரி.

தோற்றுப்போன பக்கத்தை ஏன் சுத்தம் என்று குறிக்க வேண்டும்? முதலில் எனக்கும் கோபம்தான் வந்தது. எழுதவில்லை என்றால் அழுக்காகவே வைத்து, அடுத்த முறை முயல வேண்டியதுதானே? ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் அப்படித்தான் செய்கிறது. லினக்ஸ்காரர்கள் சொல்லும் காரணத்தைக் கேட்டால் கோபம் பாதி இறங்கும். ஒருவர் யுஎஸ்பி குச்சிக்குப் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் பிடுங்கிவிடுகிறார். அந்தப் பக்கங்களை இனி எழுதவே முடியாது, வட்டே போய்விட்டது. அவற்றை அழுக்காக வைத்திருந்தால் நினைவகத்தில் நிரந்தரமாக இடம்பிடித்துக்கொள்ளும். அழுக்குப் பக்கங்களுக்கு மொத்தமாக ஒரு வரம்பு இருப்பதால், அது நிரம்பியதும் சம்பந்தமே இல்லாத மற்ற நிரல்களின் எழுத்தும் நின்றுபோகும். பிடுங்கப்படும் குச்சிகள் உலகத்தில் மிக அதிகம். அதனால் தூக்கிப்போடு என்று முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டால் அந்த முடிவு சரிதான். பக்கத்தைத் தூக்கிப்போடுவது சரி என்றால், தூக்கிப்போட்டேன் என்று உரியவரிடம் சொல்லும் பொறுப்பு இரட்டிப்பாகிறது. அந்தப் பொறுப்பைத்தான் ஒரு பிட்டிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

இந்த ஓட்டையை எனக்கு முன்பே ஒருவர் பார்த்து அடைத்திருந்தார். 2016 ஜனவரியில் வந்த 4.4 கெர்னலில், கொடியை இறக்காமல் காத்திருக்க மட்டும் செய்யும் ஒரு தனிச் செயற்கூறு சேர்க்கப்பட்டது. சிங்க் இனி அதைத்தான் அழைக்கும். பேட்ச்சின் சாரம் சில வரிகள். அதை 3.10க்குப் பேக்போர்ட் செய்வது, அதாவது பழைய கெர்னலுக்குக் கொண்டுவருவது, ஒரு பிற்பகல் வேலை, பாதி நேரம் சுற்றியிருக்கும் குறியீடு மாறிப்போனதைச் சரிக்கட்டுவதில் போனது.

அந்தப் பிற்பகலில் மூலத்தை மேய்ந்தபோது கண்ணில் பட்ட ஒன்று. எக்ஸ்ட்4இன் ஜர்னல் குறியீட்டில், கோப்பின் தரவு எழுதி முடியக் காத்திருக்கும் இடத்தில், காத்திருப்புச் செயற்கூறு கொடியை இறக்கிவிடும், எஃப்சிங்க் போடும் புராசஸுக்குப் பிழை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் திரும்ப ஏற்றி வைக்கிறோம் என்று ஒரு குறிப்பு. கீழே கொடியை ஏற்றும் வரி. ஆக, அந்தச் செயற்கூறு பிழையைத் தின்னும் என்பது யாரோ ஒருவருக்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்திருக்கிறது. தன் வீட்டு வாசலை மட்டும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். குறை சொல்லவில்லை. பெரிய குறியீட்டுத் தளங்களில் நானும் இதையேதான் செய்திருக்கிறேன்.

பேட்ச் போட்டு, கிரானோடு சேர்த்தே மேசையில் ஓடவிட்டேன். எழுது, சிங்க், எஃப்சிங்க்: ஈஐஓ. ஒரு நாள் முழுக்க ஓடியது. நிம்மதியாக உட்கார்ந்து அறிக்கை எழுத ஆரம்பித்தபோது பாதியில் ஒரு பிழை காணாமல் போயிருந்தது. ஒன்றே ஒன்று.

இந்த முறை கண்டுபிடிக்க நேரமாகவில்லை. மணிக்கு ஒருமுறை ஓடும் அந்தச் சரிபார்ப்பு நிரல், கோப்பைப் படிக்குமுன் தானும் ஓர் எஃப்சிங்க் போட்டுக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்காம். பிழை அதனிடம் போயிருக்கிறது. அது பதிலைப் பார்க்கவில்லை. பதிவு நிரலுக்கு வெற்றி. ஒரு கோப்பை இரண்டு பேர் திறந்திருந்தால் யாருக்குப் பிழை போகும் என்பது யார் முதலில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று மேலே சொன்னேனே, அதேதான்.

இதற்குப் பேக்போர்ட் செய்யத் தகுந்த சிறிய மருந்து கிடையாது. சரிபார்ப்பு நிரலிலிருந்து அந்த வரியைத் தூக்கினேன், கிரான் வரியையும் தூக்கினேன், பெட்டிகள் பிழைத்துக்கொண்டன. கெர்னலில் இதை ஒழுங்காகச் சரிசெய்தது ஜெஃப் லேட்டன், 2017இல் வந்த 4.13இல். அவர் செய்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிக்கவில்லை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பிட் கொடிக்குப் பதிலாக 32 பிட் மதிப்பு ஒன்றை வைத்தார். அதில் கீழே 12 பிட் கடைசியாக வந்த பிழையின் எண்ணுக்கு. ஒரு பிட், இந்தப் பிழையை யாராவது பார்த்தாகிவிட்டதா என்பதற்கு. மீதி 19 பிட் ஓர் எண்ணி. பிழை வரும்போதெல்லாம் எண்ணி ஏறும், ஆனால் முந்தையதை யாராவது பார்த்திருந்தால் மட்டும். யாருமே பார்க்காத பிழையின் மேல் இன்னொரு பிழை வந்தால் எண்ணியை ஏற்ற வேண்டிய அவசியமில்லை, பார்க்க வருபவருக்கு எப்படியும் வித்தியாசம் தெரியும். இந்தச் சிக்கனத்தால்தான் 19 பிட் போதுமானதாகிறது. வட்டு ஒன்று செத்து, நொடிக்கு ஆயிரக்கணக்கில் பிழை கொட்டினாலும் எண்ணி சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்காது.

அடுத்த பாதி இன்னும் அழகு. கோப்பைத் திறக்கும் ஒவ்வொருவரும், திறக்கும் நேரத்தில் இருந்த மதிப்பைத் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்கிறார். எஃப்சிங்க் போடும்போது கோப்பின் இப்போதைய மதிப்பையும் தன் நகலையும் ஒப்பிட்டால் போதும். வேறாக இருந்தால், நான் கடைசியாகப் பார்த்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது: பிழையைக் கொடு, என் நகலைப் புதுப்பி. மற்றவரின் நகலை யாரும் தொடுவதில்லை. பத்துப் பேர் திறந்திருந்தால் பத்துப் பேருக்கும் ஒவ்வொரு முறை பிழை போய்ச்சேரும். ஒருவர் பார்த்ததால் இன்னொருவருக்கு மறையாது. பூட்டு ஒன்றும் போடாமல் ஒரே அணுச் செயலில் மதிப்பை மாற்றிவிடலாம் என்பது கூடுதல் லாபம், வட்டுக் குறுக்கீடு நடக்கும் நேரத்தில்கூட.

இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டிலும் ஒரு ஓட்டை இருந்தது, அதைக் காட்டியது போஸ்ட்கிரெஸ். அந்தத் தரவுத்தளத்தில் எழுதுவது ஒரு புராசஸ், எஃப்சிங்க் போடுவது இன்னொன்று. எழுதியவர் கோப்பை மூடிவிட்டுப் போயிருப்பார். எழுதியதையெல்லாம் அவ்வப்போது வட்டில் உறுதிசெய்யும் சோதனைப்புள்ளிக்கான புராசஸ் பிறகு வந்து திறந்து எஃப்சிங்க் போடும். இடைப்பட்ட நேரத்தில் பின்னணி எழுத்து தோற்றிருந்தால்? புதிதாகத் திறப்பவர் இப்போதைய மதிப்பை நகலெடுக்கிறார், அதில் பிழை ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, ஒப்பிட்டால் வித்தியாசமில்லை, வெற்றி. பழைய ஒரு பிட் கொடியில் இந்தப் பிழை அவருக்குப் போயிருக்கும்! திருத்தியதில் ஒரு மூலை முன்பைவிட மோசமானது. 2018இல் இது பெரிய சர்ச்சையானது. தரவுத்தளக்காரர்களுக்கு அதைவிட அதிர்ச்சி வேறொன்று: எஃப்சிங்க் தோற்றால் மறுபடி போட்டால் போதும், இரண்டாவது வெற்றி என்றால் எல்லாம் வட்டுக்குப் போய்விட்டது என்று அவர்கள் வெகுகாலமாக நம்பியிருந்தார்கள். பக்கம் சுத்தம் என்று குறிக்கப்பட்டுவிட்டதால் இரண்டாவது எஃப்சிங்க்குக்கு எழுத ஒன்றுமே இருக்காது, அது தாராளமாக வெற்றி சொல்லும்.

கெர்னல் தரப்பில் 4.17இல் ஒரு சின்ன மாற்றம் வந்தது: திறக்கும்போது இருக்கும் பிழையை இதுவரை யாருமே பார்க்கவில்லை என்றால், நகலைப் பூச்சியமாக வை. அப்போது ஒப்பிடுகையில் வித்தியாசம் தெரியும், பார்க்கப்படாத பிழை ஒருமுறையாவது யாரிடமாவது சேரும். அந்தப் பார்த்தாகிவிட்டது பிட் இங்கேயும் கைகொடுத்தது. போஸ்ட்கிரெஸ் தரப்பில் 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் மறுமுயற்சி கிடையாது. தரவுத்தளம் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் முன்னெழுத்துப் பதிவிலிருந்து மீண்டெழும். முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் அதுதான் யோக்கியமான வழி. அப்புறம் 2020இல், 5.8 கெர்னலில், ஒரு கோப்பு முறைமையை மட்டும் தள்ளும் சிங்க்எஃப்எஸ் அழைப்பும் வட்டுக்கு எழுதும்போது வந்த பிழையைத் திருப்பிச் சொல்லக் கற்றுக்கொண்டது.

அதே 2020இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற மூன்று கோப்பு முறைமைகளையும் எடுத்து, எஃப்சிங்க் தோற்ற பிறகு என்ன நடக்கிறது என்று கிளறிப் பார்த்தார்கள். மூன்றுமே பக்கத்தைச் சுத்தம் என்று குறிக்கின்றன. பிடிஆர்எஃப்எஸ் மட்டும் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அதை வாசித்தபோது எங்கள் சரிபார்ப்பு நிரலை நினைத்துக்கொண்டேன். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஓடியிருந்தால் அது முதல் மணி நேரத்திலேயே கண்டுபிடித்திருக்கும்.

பிற்பாடு அந்தப் பெட்டியின் அடுத்த தலைமுறைக்குப் புதிய கெர்னல் வந்தபோது, பழைய சோதனையைத் தேடியெடுத்து ஓட்டினேன். கோப்பை இரண்டு முறை திற, எட்டு செக்டரைக் கெடு, எழுது, சிங்க் தட்டு, இரண்டிலும் எஃப்சிங்க் போடு. இரண்டுக்கும் ஈஐஓ. மூன்றாவதாக ஒருவர் இப்போது திறந்து எஃப்சிங்க் போட்டால் வெற்றி, ஏனென்றால் பிழை பார்க்கப்பட்டுவிட்டது. விதிப்படி சரி.

இன்னும் ஒரு இடுக்கு பாக்கி இருக்கிறது. பிழையின் மதிப்பு வாழ்வது நினைவகத்தில் உள்ள ஐநோடில். கோப்பை எல்லோரும் மூடிவிட்டு, நினைவக நெருக்கடியில் கெர்னல் அந்த ஐநோடை வெளியேற்றினால், யாரும் பார்க்காத பிழையும் அதோடு போகும். அதனால் எங்கள் பதிவு நிரல் கோப்பை ஒருமுறை திறந்தால் எஃப்சிங்க் முடியும்வரை மூடுவதில்லை. முதலில் எழுதிய அந்த முன்னோடியும் அப்படித்தான் எழுதியிருந்தார். காரணம் தெரிந்து செய்தாரா, தற்செயலா, கேட்க வழியில்லை. அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தேன், யாராவது பாதுகாப்புக்காக நடுவில் ஒரு மூடு-திற போட்டுவிடாமல் இருக்க.

பேட்ச் போட்ட பெட்டிகளிலிருந்து முதல் தொகுதிக் கோப்புகள் வந்தபோது அந்த இளைஞன்தான் பிரித்துப் பார்த்தான். ஒரு பெட்டியில் காப்புக் கோப்பு புதிதாக எழுதப்பட்டிருந்தது. எந்தப் பக்கம் தோற்றது என்று பார்த்துச் சொன்னான்: இரண்டாவது.